மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது?

ரயிலே ஓடாத இந்தத் தீவில் ஒரு ரயில்வேக்காரன் எதைப் பற்றி எழுதப் போகிறான் என்று நினைப்பீர்கள். விஷயம் தலைமுடி. என் தலையைச் சங்கக் கூட்டங்களில் பார்த்தவர்கள் சிரிக்கவும் கூடும். முப்பத்தைந்து வயதிலேயே எனக்கு உச்சி வெளுத்துவிட்டது. டிராலியில் வெயிலில் சுற்றியதால்தான் கொட்டிவிட்டது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அப்பாவுக்கும் அதே வயதில் அதே இடத்தில்தான் வழுக்கை விழுந்தது. அவர் துணிக்கடையில் நிழலில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர். அது எனக்குத் தோன்றவே இல்லை!

நான் டிப்ளமா படித்து, தெற்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, பி.டபிள்யூ.ஐ.யாக ஊர் ஊராகச் சுற்றி, 2017ல் ஓய்வு பெற்றவன். மகனுக்கு போர்ட் பிளேரில் மத்திய அரசு வேலை. 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டாலும் வாய்க்குப் பழகிய பெயரையே எழுதுகிறேன். நானும் என் மனைவியும் அவர்களோடு இருக்கிறோம். எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவற்றைத்தான் சொல்லப் போகிறேன். மருமகளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, இன்னும் நாலு வீட்டுல இதே சண்டை நடந்துகிட்டுத்தான் இருக்கும்" என்றாள்.

தண்ணீர் மேல் விழுந்த பழி

2025 ஜனவரி கடைசியில் ஒரு நாள், குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. குச்சி விட்டு எடுத்தால் பந்து பந்தாக முடி. அன்றிலிருந்து தலையணையில் முடி, சீப்பில் முடி, சாப்பாட்டுத் தட்டில்கூட முடி. மருமகளுக்கு இடுப்பு வரை நீண்ட ஜடை. கல்யாணத்தின்போது உறவுக்காரர்கள் எல்லாரும் பேசிய ஜடை. இரண்டு மாதத்தில் அது சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிட்டது. நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறவள், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாள். பிறகு லீவு போட ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தொலைக்காட்சியில் மகாராஷ்டிரச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. புல்தானா மாவட்டத்தில் ஷேகாவ் தாலுகா கிராமங்களில் 2024 டிசம்பர் கடைசியிலிருந்து ஆணும் பெண்ணும் குழந்தைகளும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, மூன்று நான்கு நாளில் மொட்டையாகிறார்கள் என்ற செய்தி. முதலில் அங்கேயும் தண்ணீரின் மேல்தான் சந்தேகம். கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்தார்கள்.

எங்கள் வீட்டில் முடிவே கட்டிவிட்டோம். பிப்ரவரி பிறந்தால் இங்கே தண்ணீர்ப் பஞ்சம் என்பது உங்களுக்குத் தெரியும். தனிக்காரி அணையில் மட்டம் இறங்கும். குழாயில் முறை வைத்து விடுவார்கள். கிணற்றுத் தண்ணீரும் லாரித் தண்ணீரும் தொட்டியில் கலக்கும். தண்ணீர் மாறியது, முடி கொட்டியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான்தான் எஞ்சினியர் ஆயிற்றே! குழாயில் மாட்டும் வடிகட்டி ஒன்றை நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிப் பொருத்தினேன். முடி நிற்கவில்லை.

என் மனைவி தன் பங்குக்கு, உடம்புச் சூடு என்று முடிவு செய்தாள். முட்டை கூடாது, மீன் கூடாது, கோழி கூடவே கூடாது. கடல் நடுவில் இருந்துகொண்டு மருமகள் மோரும் சாதமும் சாப்பிட்டாள். செம்பருத்தி, கறிவேப்பிலை, வெந்தயம், சின்ன வெங்காயம் என்று தலையில் ஏறாத பொருள் இல்லை. முடி நிற்கவில்லை.

கடைசியில் ஒரு ராத்திரி அவள் மகனிடம் அழுதாள்: "இந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்கல. நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போறேன். நீங்க மாத்தல் கிடைச்சதும் வாங்க." மகன் மாற்றல் விண்ணப்பம் எழுதி மேஜையில் வைத்துவிட்டான். பேரன் இரண்டாம் வகுப்பு. பரீட்சை முடிந்ததும் கப்பல் டிக்கெட் என்ற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. கடல் கடந்து வந்து குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டரம்மா கேட்ட மூன்று கேள்விகள்

போகிறதுதான் போகிறோம், ஒரு தடவை தோல் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று நான் பிடிவாதமாக அழைத்துப் போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது: "வீட்டில் எத்தனை பேர்? எல்லாரும் இதே தண்ணீரில்தானே குளிக்கிறீர்கள்? மற்றவர்களுக்கு ஏன் கொட்டவில்லை?"

எனக்குச் சுருக்கென்றது. தொட்டித் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைத்ததை நானே பார்த்திருந்தேன். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது கேங்மேனுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

இரண்டாவது கேள்வி: "மூன்று மாதத்துக்கு முன்னால் இவருக்கு என்ன நடந்தது?" நாங்கள் முழித்தோம். அவர் விடவில்லை. "காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி, பெரிய துக்கம், புது மருந்து, எதுவானாலும் சொல்லுங்கள்." அப்போதுதான் மகன் சொன்னான்: "அக்டோபர் கடைசியில் டெங்கு வந்து ஆறு நாள் படுத்திருந்தாள்." டாக்டரம்மா புன்னகை செய்தார்.

மூன்றாவது கேள்வி: "இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள்?" மோரும் சாதமும் என்றதும் அந்தப் புன்னகை மறைந்தது.

அறுபது கிலோமீட்டர் ஸ்லீப்பர்

அவர் விளக்கியதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் என் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி உண்டு. அகலப் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் போடுவோம். அப்படியானால் அறுபது கிலோமீட்டர் பாதையில் ஏறக்குறைய ஒரு லட்சம். ஒவ்வொரு ஸ்லீப்பருக்கும் ஓர் ஆயுள் உண்டு. பழசானதை எடுத்துப் புதிது போடுவோம். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எடுப்போம். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

முடியும் அப்படியே. ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனியாக ஒரு சுற்று சுற்றுகிறது. முதலாவது வளரும் பருவம். டாக்டர்கள் இதை அனாஜென் என்பார்கள். இது இரண்டு முதல் ஆறு வருஷம் வரை நீடிக்கும். மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒருவருக்கு இடுப்பு வரை வளர்வதும் இன்னொருவருக்குத் தோளோடு நிற்பதும் பெரும்பாலும் இந்தப் பருவம் எத்தனை வருஷம் என்பதைப் பொறுத்ததே. இரண்டாவது ஒடுங்கும் பருவம், கேடஜென். இரண்டு மூன்று வாரம். மூன்றாவது ஓய்வுப் பருவம், டெலோஜென். சுமார் மூன்று மாதம். அந்த ஓய்வு முடிந்ததும் பழைய முடி உதிர்கிறது. அதே மயிர்க்காலில் புதிய முடி முளைக்கிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்தில் பத்தாயிரம். இவை நூறு நாளில் உதிர வேண்டும். அதாவது நாளைக்கு நூறு. ஆகவே தினம் ஐம்பதிலிருந்து நூறு முடி வரை கொட்டுவது நோயல்ல, பராமரிப்பு வேலை!

கடும் காய்ச்சல் வந்தால் என்ன ஆகிறது? உடம்பு தன் சக்தியை எல்லாம் உயிரைக் காப்பதற்குத் திருப்புகிறது. வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பகுதி ஒரே சமயத்தில் வேலையை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகிறது. பத்தாயிரத்துக்குப் பதில் முப்பதாயிரம் போனால்? அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓய்வுப் பருவம் முடிகிற வரை அந்த முடிகள் தலையில்தான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து, காய்ச்சலையே மறந்துபோன பிறகு, நாளைக்கு முன்னூறு என்று கொட்ட ஆரம்பிக்கும். இதற்கு டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர். அமெரிக்கத் தோல் நிபுணர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961ல் இதை விளக்கி எழுதினார்.

தண்டவாளம் பனிக்கால விடியலில்தான் முறியும். ஆனால் விரிசல் பல மாதங்களுக்கு முன்பே உள்ளே விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசலைப் பிடிக்கத்தான் அல்ட்ராசோனிக் கருவி தள்ளிக்கொண்டு நடக்கிறோம். "முறிஞ்ச அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பாக்காதே, அதுக்கு முந்தி என்ன நடந்துச்சுன்னு பாரு" என்று எத்தனையோ இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் வீட்டில் அதை மறந்துவிட்டேன்.

பாட்டிமார் கண்டது

ஊரில் பாட்டிமார் ஒன்று சொல்வார்கள்: குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று. நான் அதை மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அவர்கள் காலத்தைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மிகுதியால் முடி உதிராமல் வளரும் பருவத்திலேயே நிற்கிறது. பிரசவமானதும் அவை ஒட்டுமொத்தமாக ஓய்வுக்குப் போகின்றன. மூன்று மாதத்தில் குழந்தை சிரிக்கிறது, தாய்க்கு முடி கொட்டுகிறது. குழந்தை மேல் குற்றமில்லை. பெரும்பாலானவர்களுக்குக் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் சரியாகிவிடும்.

டெங்கு, டைபாய்டு, மலேரியா, சிக்குன்குனியா எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படிக் கொட்டலாம். 2006ல் இந்தத் தீவுகளில் சிக்குன்குனியா பரவியதைப் பழைய அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020, 2021ல் கொரோனாவிலிருந்து பிழைத்தவர்கள் பலர் இரண்டு மூன்று மாதம் கழித்து இதே கவலையோடு டாக்டர்களிடம் போனார்கள். பெரிய ஆபரேஷன், அதிர்ச்சி, உடம்பை இளைக்க வைக்கப் பட்டினி கிடப்பது, இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, சில மருந்துகள் ஆகியவையும் காரணங்கள். மருந்துதான் காரணம் என்று தோன்றினால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

பரிசோதனையும் பத்தியமும்

டாக்டரம்மா மருமகளின் தலையில் சுமார் அறுபது முடிகளை இரு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தார். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் அளவு மீறிய உதிர்வு. வந்தது பதினொன்று. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாகச் சின்னக் குமிழ். "வேரோடு வந்துவிட்டதே!" என்று என் மனைவி பதறினாள். "இது வேர் இல்லை அம்மா. ஓய்வு முடிந்து தானாகக் கழன்ற முடியின் நுனி. வேர் உள்ளே பத்திரமாக இருக்கிறது" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9 தான். பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் மிகக் குறைவு. காய்ச்சல் ஆரம்பித்து வைத்ததை எங்கள் பத்தியம் வளர்த்துக்கொண்டிருந்தது. "இன்னும் ஆறு மாதம் இப்படியே மோர் சாதம் கொடுத்திருந்தால், முடி மட்டும் இல்லை, ஆளே நடமாட முடியாமல் போயிருப்பார்" என்று டாக்டரம்மா சொன்னபோது என் மனைவி தலை குனிந்துகொண்டாள். நானும்தான்.

மருந்து ரொம்ப எளிது. இரும்பு மாத்திரை, அதை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட வேண்டும், டீ காபியோடு சேர்க்கக் கூடாது. முட்டை, மீன், பருப்பு, முருங்கைக் கீரை. பிறகு பொறுமை. எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை, முடி சிக்காமல் உடையாமல் இருக்க உதவும்; ஆனால் ஓய்வுக்குப் போன முடியை அது திரும்ப அழைக்காது. உப்புத் தண்ணீரும் முடியைச் சொரசொரப்பாக்குமே தவிர, மயிர்க்காலின் சுற்றை மாற்றாது.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா என்று என் மனைவி கேட்டாள். மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1928லேயே சோதித்துப் பார்த்து, சிரைப்பதால் முடியின் கனமோ வேகமோ மாறுவதில்லை என்று எழுதியிருக்கிறார். மழித்த முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் முரடாகத் தெரிகிறது, அவ்வளவே. முருகனுக்கு நேர்ந்துகொண்டால் முடி இறக்குங்கள், அது பக்தி. அடர்த்திக்காக வேண்டாம்.

எல்லா உதிர்வும் ஒன்றல்ல

இதைப் படித்துவிட்டு, "சரி, தானாக வளரும்" என்று எல்லாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. காசு அளவில் வட்டமாக, வழவழவென்று கொட்டினால் அது புழுவெட்டு. புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடம்பின் காவல் படையே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. அதற்கு வைத்தியம் உண்டு. குழந்தைகள் தலையில் செதிலோடு, அரிப்போடு திட்டுத் திட்டாகக் கொட்டினால் பூஞ்சைக் காளானாக இருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். இறுக்கி ஜடை பின்னுகிற பெண் குழந்தைகளுக்கு நெற்றியோரம் முடி பின்வாங்கும். ஜடையைத் தளர்த்தினால் போதும், ஆனால் வருஷக்கணக்கில் விட்டால் திரும்பாது. என்னைப் போன்ற வழுக்கை மெதுவாக, பரம்பரையாக வருவது. அதற்கும் இப்போது மருந்துகள் உண்டு. ஆரம்பத்திலேயே போக வேண்டும். எனக்கு வண்டி போய்விட்டது!

சில நாளிலேயே கொத்துக் கொத்தாகப் போனால் தாமதிக்கவே கூடாது. அது வளரும் பருவத்து முடியையே தாக்கும் விஷம் அல்லது கடும் மருந்தின் வேலையாக இருக்கலாம். புல்தானாவில் நடந்தது அந்த ரகம். ஐ.சி.எம்.ஆர். குழு சென்று மாதிரிகள் எடுத்தது. தேள்கடி வைத்தியத்தால் உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், அம்மக்கள் சாப்பிட்ட ரேஷன் கோதுமையில் செலினியம் மிக அதிகம் என்றும், அவர்கள் ரத்தத்தில் துத்தநாகம் குறைவு என்றும் 2025 பிப்ரவரியில் தம் ஆய்வு முடிவைச் சொன்னார். செலினியம் உடம்புக்கு வேண்டிய சத்துதான். அளவு மீறினால் அதுவே முடியையும் நகத்தையும் உதிர்க்கும். 2008ல் அமெரிக்காவில் ஒரு சத்து டானிக்கில் அது பல மடங்கு கூடிப்போய் இருநூறு பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆகவே விளம்பரத்தைப் பார்த்து முடி வளர மாத்திரை வாங்கி விழுங்குவதற்கு முன் யோசியுங்கள். வைட்டமின் ஏ அதிகமானாலும் முடி கொட்டும். பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டுப் பரிசோதனையின் முடிவையே அது மாற்றிக் காட்டும்.

பல வீடுகளில் ஒரே சமயத்தில் கொட்டினால் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது என்ன என்று தேட வேண்டும். ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் கொட்டினால் அவருக்கு மட்டும் நேர்ந்தது என்ன என்று தேட வேண்டும். இந்தச் சாதாரணக் கணக்கைத்தான் நாங்கள் தவறவிட்டோம். ஆறு மாதத்துக்கு மேலும் உதிர்வு நிற்காவிட்டால் மறுபடி டாக்டரைப் பார்ப்பது அவசியம்.

இப்போது

ஏப்ரல் கடைசியில் உதிர்வு குறைந்தது. மழை தொடங்கியபோது நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாக முடி நிமிர்ந்து நின்றது. "பேரனுக்கு முதல் முடி வந்தது போல இருக்கு" என்று என் மனைவி தடவிப் பார்த்தாள். மாதம் ஒரு சென்டிமீட்டர் என்றால் பழைய ஜடை வர ஐந்து வருஷம் ஆகும். மருமகள் தோளளவுக்கு வெட்டிக்கொண்டாள். நன்றாகவே இருக்கிறது. பள்ளிக்குப் போகிறாள். மாற்றல் விண்ணப்பம் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை. தண்ணீர் மேல் பழி போட்டது தவறு என்றேன். ஒரு விதத்தில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. தலையில் ஊற்றிய தண்ணீருக்கு அல்ல, டிரம்மில் மூடாமல் பிடித்து வைத்த தண்ணீருக்கு. முறை வைத்துத் தண்ணீர் வரும் ஊரில் எல்லாரும் டிரம்மில் சேமிக்கிறோம். டெங்குக் கொசு முட்டையிடுவது அங்கேதான். கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையிலும் பாக்குப் பாளையிலும்தான். இப்போது எங்கள் வீட்டு டிரம்களுக்கு நானே மூடி செய்து போட்டிருக்கிறேன். வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவுகிறேன். மூடி செய்ய அளவு வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், வரைந்து தருகிறேன்.